பிராது இல்லாத பேய்

தமிழில் பேய்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் நிணம் தின்று ஆடிய பேய்மகளிர் தொடங்கி, பரணியில் பசியால் வாடிக் கூழ் அட்டு உண்ட பேய்க்கூட்டம், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி கதை சொன்ன வேதாளம், ஊர்ப்புறத்துப் புளியமரங்களிலும் பாழ்ங்கிணறுகளிலும் இன்றளவும் குடியிருப்பதாகச் சொல்லப்படும் முனிகள், மோகினிகள் வரையில், நம் முன்னோர் வகைவகையாகக் கற்பித்து வைத்த ஆவியுலகத்தின் ஜனத்தொகையை எண்ணிப் பார்த்தால், மேனாட்டார் தங்கள் பழங்கோட்டைகளில் வைத்துப் போற்றும் ஒன்றிரண்டு வெள்ளுடைப் பிரேதங்கள் மிகச் சிறிய குடித்தனமாகவே தோன்றும். அங்ஙனமிருந்தும், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறிய நாள் முதலாக நம்மிடையே வளர்ந்துவந்திருக்கும் நாவல் இலக்கியத்தில், அச்சம் ஒன்றையே உயிராகக் கொண்டு, படித்து முடித்தவன் விளக்கை அணைக்கத் தயங்கும்படியாகச் செய்யும் பெருநூல் ஒன்று நிலைபெற்று நிற்கவில்லை. சிறுகதைகள் உண்டு, திரைப்படங்கள் மிகுதியாகவே உண்டு, பத்திரிகைகளில் வாரந்தோறும் வந்து மறைந்த தொடர்கதைகளுக்கும் குறைவில்லை. மேனாட்டில் ‘கோதிக்’ என்று ஒரு மரபாகவே வேரூன்றிப்போன அந்த நாவல் வகை மட்டும் இந்த மண்ணில் ஏன் தழைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. பனியும் குளிரும் இருளடைந்த கோட்டைகளும் இல்லாத வெயில் நாட்டில் இத்தகைய கதைக்குச் சூழ்நிலை அமையாது என்பது ஒன்று. பேயை மெய்யாகவே நம்புகிற ஜனங்களுக்கு அது கலைப்பொருளாக முடியாது என்பது மற்றொன்று. முதலாவது விடையை நான் பொருட்படுத்துவதில்லை. நடுப்பகலில், உச்சிவெயிலில், ஆள் அரவமற்ற தோப்பில் நடந்துபோன எந்தத் தமிழனுக்கும் அச்சத்துக்குப் பனி தேவையில்லை என்பது தெரியும். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே என்று குழந்தைகளை அதட்டாத பாட்டி நம் நாட்டில் உண்டோ? இரண்டாவது விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஹோரஸ் வால்போல் 1764இல் ‘ஒட்ராண்டோ கோட்டை’யை எழுதியபோது, இங்கிலாந்தின் கற்றறிந்த வகுப்பார் பேய்களை நம்புவதை ஏறக்குறைய விட்டிருந்தனர், நம்பிக்கை போன இடத்தில் ருசி பிறந்தது. அதன்பின் ஆன் ராட்கிளிஃப் அம்மையாரின் நாவல்களும், மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையும், ஷெரிடன் லெஃபானுவின் ‘கார்மில்லா’வும் வந்து, 1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் அந்த மரபு தன் உச்சத்தை எய்தியது. ஆனால் நம்பிக்கையின்மை மட்டுமே இதற்கு வித்தாக இருக்குமானால், பகுத்தறிவுப் பிரசாரம் வேறெங்கும் காணாத அளவுக்கு நடந்தேறிய தமிழ்நாட்டில் இந்நேரம் ஒரு நூறு கோதிக் நாவல்கள் முளைத்திருக்க வேண்டும். ஆகவே காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடம் எது என்று எனக்குப் புலப்பட்டது ‘டிராகுலா’வைப் பொன்னேரியில் இருந்துகொண்டு படித்தபோதுதான். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த காலம். ஆரணியாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிற்பகல்களில் மழை ஓய்ந்தால் பேருந்து ஏறிப் பழவேற்காட்டுக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார்வதும், இரவில் நண்பர் வீட்டுத் திண்ணையறையில் அந்த நூலைத் தொடர்வதுமாக நாட்கள் கழிந்தன. கடலிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு பிரித்து வைத்திருக்கும் அந்த உவர்நீர்ப் பரப்பு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடியில் ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரமும், அதைச் சுற்றிய மீனவக் குப்பங்களும் நம்முடையவை. ஓர் ஊரின் காற்றில் ஒரு நூலைப் படிப்பது அந்த நூலையே சிறிது மாற்றிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்தின் விட்பித் துறைமுகத்தில் கடலைப் பார்த்த குன்றின்மேல் ஒரு கல்லறைத் தோட்டம் இருப்பதாக ஸ்டோக்கர் எழுதுகிறார். பழவேற்காட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் சாமானியமான ஒற்றுமை அல்ல. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நூலின் அனுபவம். ஜோனாதன் ஹார்க்கர் என்னும் இளம் வழக்கறிஞர் லண்டனில் வீடு வாங்க விரும்பும் டிராகுலா என்னும் பிரபுவுக்குப் பத்திரங்களை முடித்துக்கொடுக்க டிரான்சில்வேனியா மலைநாட்டுக்குப் போகிறார். அவருடைய நாட்குறிப்பாக அமைந்த முதல் நான்கு அத்தியாயங்களைப் போலக் கதையின் நாடியைப் பிடித்து வைத்திருக்கும் எழுத்தை நான் அதிகம் படித்ததில்லை. அங்கே நடுக்கம் தருபவை ஓநாய்களின் ஊளையும் கோட்டையின் இருட்டும் அல்ல. அவை எந்த மூன்றாந்தர ஆசிரியனுக்கும் கிட்டக்கூடியவை. அவ்வளவு பெரிய மாளிகையில் ஒரு வேலைக்காரன்கூட இல்லை என்பதையும், விருந்தாளிக்குச் சாப்பாடு எடுத்துவைப்பதும் படுக்கை விரிப்பதும் பிரபு ஒருவரே என்பதையும் கதவிடுக்கு வழியாக ஹார்க்கர் கண்டுபிடிக்கும் இடமே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. மேசையில் பிரபு இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களையும் ரயில்வே அட்டவணையையும் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரே காரியத்துக்கு இரண்டு வழக்கறிஞர்களை அமர்த்தலாமா, ஒரு துறைமுகத்தில் இறக்கும் சரக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கலாமா என்று நிதானமாக விசாரிக்கிறான். பேய்க்கதையில் பேய் முத்திரைத்தாள் விஷயத்தில் இத்தனை கருத்தாக இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே பகுதியில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. விமரிசகர்கள் பலர் அதை ஒரு வரியில் கடந்துபோய்விடுவார்கள். பிரபு ஓரிரவு ஒரு மூட்டையோடு வருகிறான். பின்னர் அவன் அறையிலிருந்து குழந்தையின் அழுகுரல் போன்ற ஓர் ஒலி கேட்கிறது. சிறிது நேரத்துக்கெல்லாம் தலைவிரி கோலமாய் ஒரு தாய் கோட்டை வாசலில் வந்து நின்று, கதவை அறைந்து, தன் குழந்தையைக் கொடு என்று கதறுகிறாள். மேலிருந்து பிரபுவின் குரல் எழும்புகிறது. நாற்புறமும் ஓநாய்கள் முற்றத்தில் நிறைகின்றன. அவள் இல்லாமற் போகிறாள். அரண்மனை வாசலில் நீதி கேட்டு நின்ற பெண்ணைச் சிலம்பின் வழியாக அறிந்த தமிழ் வாசகனுக்கு இந்த இடம் வேறு விதமாகத் தைக்கும். மதுரையில் மன்னன் வழக்கைக் கேட்டான், தன் பிழையை உணர்ந்தான், உயிரை விட்டான். இங்கே மன்னன் ஓநாயை ஏவினான். இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டுதான் என் கேள்விக்கு நான் விடை தேடலானேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுக்கும்போது, அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கையும், விலங்கையும், கள்வரையும், தன்னை ஆளும் இறையையும் நிறுத்துகிறார். பேய் பிசாசுகளோடும் புலி கரடியோடும் கொள்ளைக்காரரோடும் சேர்த்து அரசனையும் அதே வரிசையில் வைத்த அந்தத் துணிவை நினைத்து நான் வியந்ததுண்டு. இந்த நான்கையும் ஒரே உடம்பில் கூட்டிச் செய்த உருவம்தான் டிராகுலா. இறந்தும் இறவாத அணங்கு அவன்; ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறும் விலங்கு அவன்; நள்ளிரவில் சன்னல் வழியே புகுந்து உறங்குபவளின் இரத்தத்தைக் கவரும் கள்வன் அவன்; குடிகள் பெயரைச் சொல்லவும் அஞ்சிச் சிலுவைக்குறி இட்டுக்கொள்ளும் நாட்டுத் தலைவனும் அவனே. ஸ்டோக்கர் தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் ‘டிராகுலா’ மற்றப் பேய்நாவல்களைவிட ஏன் ஆழமாகப் பயமுறுத்துகிறது என்பதை விளக்க இந்த நான்கு நிலைக்களன்களைவிடப் பொருத்தமான அளவுகோலை மேனாட்டு விமரிசன நூல்களில் நான் காணவில்லை.

இனி நம்முடைய பேய்களின் குணாதிசயத்தைப் பார்ப்போம். போர்ப்புண்பட்டு வந்த கணவனைக் கிடத்தியிருக்கும் வீட்டில், வாசலில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, இரவு முழுவதும் பேய் அண்டாமல் காக்கும் பெண்களைப் புறநானூறு காட்டுகிறது. லூசி என்னும் பெண்ணின் படுக்கையறையில் வான் ஹெல்சிங் என்னும் பண்டிதர் பூண்டுப் பூக்களை மாலையாகச் சாத்தி, சன்னல் விளிம்பெல்லாம் தேய்த்துக் காவல் செய்யும் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுதான். காவல் ஒன்றே, ஆனால் புறநானூற்றுப் பேய் போர்க்களத்திலிருந்து இரத்த வாடை தொடர்ந்து வந்த பேய், பசித்து வந்தது, அதற்குமேல் அதனிடம் இரகசியம் இல்லை. கலிங்கத்துப் பரணியில் அந்தப் பசியே நகைச்சுவையாகிவிடுகிறது. ஜயங்கொண்டாரின் பேய்கள் தங்கள் தெய்வத்திடம் முறையிடுகின்றன, கனாக் காண்கின்றன, சமைத்துப் பரிமாறிக்கொள்கின்றன. காரைக்கால் அம்மையாரோ தம் அழகிய உடலை உதறிப் பேயுருவை விரும்பி ஏற்று, இதே திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருவாலங்காட்டில் ஆடவல்லானின் அடிக்கீழ் அமர்ந்துவிட்டார். சுடுகாட்டை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கவி அவருக்கு முன் தமிழில் இல்லை. ஆயினும் அங்கே அச்சம் பக்தியின் படிக்கட்டாகிவிடுகிறது.

அந்தத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதைதான் இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனை வழிமறித்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபதின்மரின் சபையில் நின்று, இவன் என் கணவன், என்னோடு வர மறுக்கிறான் என்று வழக்காடுகிறாள். சபை விசாரிக்கிறது, குழந்தை அவனை அப்பா என்கிறது, அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி அவனுடைய காவல் வாளை வாங்கிவைத்துவிடுகிறார்கள், விடிவதற்குள் நீலி தன் பழியைத் தீர்த்துக்கொள்கிறாள், வாக்குத் தவறிய எழுபதின்மரும் தீப்பாய்ந்து மாய்கிறார்கள். எழுத்தும் சாட்சியும் தன் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்ட நீலியும், வழக்கறிஞரை வைத்துக் கிரயம் முடித்த டிராகுலாவும் இவ்வகையில் ஒரே ஜாதி. வேறுபாடு எங்கே என்றால், நீலிக்குப் பிராது இருக்கிறது. அவளுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் கதையின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். கேட்பவனுடைய மனம் வணிகனுக்காக இரங்கும்போதே அவளுக்காகவும் நியாயம் பேசுகிறது.

தமிழ்ப் பேய் ஒரு வாதி. இதுவே நான் வந்துசேர்ந்த முடிவு. உடுக்கையடித்துப் பேயோட்டும் கோடாங்கி முதலில் கேட்கும் கேள்வி, நீ யார், எந்த ஊர், எதற்காக இந்தப் பெண்ணைப் பிடித்தாய் என்பதுதான். பிடிபட்டவளின் வாய்வழியே பேய் தன் கதையைச் சொல்கிறது: கிணற்றில் விழுந்தேன், மாமியார் கொடுமை, வயிற்றுப் பிள்ளையோடு செத்தேன், பூவும் புடைவையும் கேட்டு வந்தேன் என்று. பின்னர் பேரம் நடக்கிறது, கோழியோ, பொங்கலோ, ஒரு சேலையோ ஒப்புக்கொள்ளப்படுகிறது, பேய் இறங்குகிறது. உயிரோடிருந்தபோது எந்தச் சபையும் கேட்காத அவளுடைய முறையீட்டை இறந்தபின் ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. வடதமிழ்நாட்டில் இரத்தம் குடிப்பதாக அஞ்சப்படும் காட்டேரியின் நிலையைக் கவனியுங்கள். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் தொடுவாள் என்று பயந்தவர்கள் அவளைக் குலதெய்வத்தோடு சேர்த்து வைத்து, உரிய காலத்தில் இரத்தப்பலியைத் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தக் கூலிகளாய்க் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கப்பலேறிய தமிழர் தங்களோடு அவளையும் கொண்டுபோனார்கள். கேட்டுப் பெறுகிறவளுக்குத் திருடவேண்டிய அவசியம் இல்லை.

டிராகுலாவுக்கு இந்த வாய்ப்பு எதுவும் தரப்படவில்லை. ஐந்நூறு பக்கத்துக்கு நெருங்கும் நூல் முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள், மருத்துவர் சீவர்ட் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவைத்த குறிப்புகள் ஆகியவற்றால் ஆனது. மினா என்னும் பெண் அவற்றையெல்லாம் தட்டச்சு செய்து வரிசைப்படுத்துகிறாள். அத்தனை ஆவணங்களில் பிரபு தன் கதையைத் தானே சொல்வது ஒன்றும் இல்லை. துருக்கியரோடு போரிட்ட தன் முன்னோரைப் பற்றி ஓரிரவு பெருமையோடு பேசுகிறான். அவன் எப்படி இந்நிலையை அடைந்தான், யார் அவனுக்கு என்ன செய்தார்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிராது இல்லாத பேயோடு பேரம் பேச முடியாது. படையல் போட முடியாது. தலையை வெட்டவும் நெஞ்சில் குத்தவும் மட்டுமே முடியும். மேனாட்டுப் பேய்நாவலின் நடுக்கம் இந்த மௌனத்தில் இருக்கிறது. நம் மரபில் பேய் வாய் திறந்துவிடுவதால் அச்சம் கருணையாக மாறிவிடுகிறது. கருணை நுழைந்த இடத்தில் கோதிக் நாவலுக்கு இடமில்லை.

தமிழ் நாவலின் தொடக்ககால ஆசிரியர்களும் இதற்குத் துணைபோயினர் என்றே சொல்லவேண்டும். டிராகுலா வெளிவந்த அதே பத்தாண்டில் இங்கே ராஜமையர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும் மாதவையா ‘பத்மாவதி சரித்திர’த்தையும் எழுதிக்கொண்டிருந்தனர், குடும்பம், கல்வி, விவாகம், வேதாந்தம் ஆகியவையே அவர்கள் கவனத்தில் இருந்தன. அடுத்து வந்த ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் மர்மக் கதைகளைத் தமிழ் உடை உடுத்திக் கொண்டுவந்தபோது, கோட்டையும் சுரங்கவழியும் பூட்டிய அறையும் கூடவே வந்தன; பேய் மட்டும் வரவில்லை. வந்ததுபோல் தோன்றினாலும் கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் முக்காட்டை விலக்கி, உள்ளே இருந்தது பங்காளி என்று காட்டிவிடுவார்.

புதுமைப்பித்தன் ஒருவரே விதிவிலக்கு. மேரி ஷெல்லியின் நாவலை ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கிய அவர், ‘காஞ்சனை’யில் செய்தது நம் மரபுக்கு முற்றிலும் புதியது. உறக்கம் வராத எழுத்தாளன் ஒருவன், அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் பிச்சைக்காரி, நள்ளிரவில் வீட்டுக்குள் எங்கிருந்தோ வந்து போகும் ஒரு வாசனை: இவ்வளவுதான் சாமான்கள். காஞ்சனை யார், எங்கிருந்து வந்தாள், என்ன அநியாயத்துக்குப் பழிவாங்க வந்தாள் என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை; அவள் பேய்தானா என்பதையே அவர் முடிவு செய்து தருவதில்லை. கோடாங்கியின் கேள்விக்கு விடை மறுக்கப்படும் அந்த இடத்தில், கோதிக் அச்சம் தமிழில் முதன்முறையாகப் பிறந்தது என்பேன். ஆனால் அது சில பக்கங்களில் முடிந்துபோகும் சிறுகதை. அவரைப் பின்பற்றி ஒருவரும் அந்த மௌனத்தை நாவலாக நீட்டிப் பார்க்கவில்லை. திரைப்படம் இந்தத் துறையைக் கைக்கொண்டபோதும், 1963இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ முதல் 2005இல் வந்த ‘சந்திரமுகி’ வரை, பாழடைந்த மாளிகை வந்ததே ஒழியப் பிராது இல்லாத பேய் வரவில்லை. முற்பிறவியிலோ முன்னொரு காலத்திலோ கெடுக்கப்பட்ட காதல் என்னும் வழக்கே திரும்பத் திரும்ப விசாரணைக்கு வந்தது.

இவ்வளவும் சொன்னபின், ‘டிராகுலா’ குறையற்ற நூல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். லூசியின் மரணத்துக்குப் பிறகு கதை பலவிடங்களில் தள்ளாடுகிறது. வான் ஹெல்சிங் வாய் திறந்தால் மூடுவதில்லை. வீரம் மிகுந்த ஆடவர் ஐவர் கூடி, தங்களுள் மிகுந்த அறிவுடையவளான மினாவை ஆலோசனையிலிருந்து விலக்கி வைத்து, அதனாலேயே அவளைப் பிரபுவின் வாயில் கொடுக்கிறார்கள் என்பதை ஆசிரியர் உணர்ந்து எழுதினாரா என்பதும் எனக்கு ஐயமே. லூசியைக் காப்பாற்ற நான்கு ஆடவர் அடுத்தடுத்துத் தங்கள் இரத்தத்தை ஏற்றுகிறார்கள். இரத்தத்தில் வகைகள் உண்டு என்று லாண்ட்ஸ்டைனர் கண்டு சொன்னது 1901ஆம் ஆண்டு வாக்கில் என்பதால், பிரபு கொன்றதில் பாதியை வைத்தியரே செய்திருக்கக்கூடும் என்று இன்றைய வாசகன் மெல்லச் சிரித்துக்கொள்ளலாம். திரைப்படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு மற்றொரு வியப்பும் உண்டு: நூலில் வரும் டிராகுலா பகலில் லண்டன் வீதியில் நடக்கிறான். சூரிய ஒளி பட்டு அழிவது 1922இல் ஜெர்மானியர் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ படம் சேர்த்த கற்பனை. நாவலில் அவன் முடிவு கத்தியால். அதிலும் கழுத்தை அறுப்பது ஹார்க்கர் கையிலிருக்கும் கூர்க்காக் குக்ரி. இங்கிலாந்தைக் காக்க நேபாளத்துக் கத்தி வேண்டியிருந்தது என்பது சாம்ராஜ்ய காலத்து நாவலுக்குப் பொருத்தமான விசித்திரம்தான்.

இந்தியச் சரக்கு அது ஒன்று மட்டுமன்று. நம் வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் தம் போக்கில் எழுதி வெளியிட்ட ரிச்சர்டு பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிந்தவர்; பர்ட்டன் பேசும்போது உதடு விலகி நீண்ட பல் தெரிந்ததைத் தம் நினைவுநூலில் வியந்து எழுதியிருக்கிறார். வாயாடியான நம் வேதாளம் கடல் கடந்து போய் ஊமையாகிவிட்டது என்று நான் சொன்னால், அதை ஆராய்ச்சி முடிவாகக் கொள்ளாமல் வாசகனின் மனோராஜ்யமாகக் கொண்டால் போதும்.

இப்பொழுது பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். போர்த்துக்கீசியர் 1515இல் நிறுவியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் அவ்வூரில் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்குப் பின்வந்த டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக அதையே வைத்திருந்தனர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அதற்கு அருகே தொல்லியல் துறையின் காவலில் அவர்களுடைய கல்லறைகள் நிற்கின்றன. வாயிலின் இருமருங்கிலும் எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பெரும்பெரும் கற்பலகைகளில் குலச்சின்னங்களும், கப்பல்களும், டச்சு மொழியில் பெயரும் பதவியும் தேதியும், இவ்வளவு ஈரக்காற்றிலும் எழுத்து அழியாமல் இருக்கின்றன. ஒரு கோதிக் நாவலாசிரியன் இதற்குமேல் எதைக் கேட்பான்? ஆனால் அங்கே உலவியபோது எனக்கு அந்த எலும்புக்கூடுகள் அச்சம் தரவில்லை. அவை ஐரோப்பியர் தங்கள் மரணத்தைத் தாங்களே நினைவூட்டிக்கொள்ளும் சம்பிரதாயச் சின்னங்கள். பார்க்கப் பார்க்கச் சாந்தமாகவே இருக்கின்றன.

அச்சம் தருவது அக்கற்களில் எழுதப்படாத கணக்கு. பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து துணிகளும் வெடிமருந்தும் மட்டும் ஏற்றுமதியாகவில்லை, மனிதரும் ஏற்றுமதியானார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் பிள்ளைகளை விற்றவர்களும் தங்களையே விற்றுக்கொண்டவர்களும், பிடித்துவரப்பட்டவர்களும் இங்கே திரட்டப்பட்டு, பட்டேவியாவுக்கும் அதற்கப்பால் உள்ள தீவுகளின் தோட்டங்களுக்கும் கப்பலேற்றப்பட்டனர். எல்லாம் முறையாக, ரசீதோடும் கையெழுத்தோடும் நடந்தது. கடல்வழியே வந்த அந்நியன், பத்திரம் எழுதி நிலம் வாங்கி, கூலி கொடுத்துச் சரக்கு இறக்கி, பிறருடைய உயிரைக்கொண்டு தன் உயிரை வளர்த்துக்கொள்கிறான் என்பதை லண்டன் வாசகன் 1897இல் ஒரு பயங்கரக் கற்பனையாகப் படித்தான். இந்தக் கரைக்கு அது நடந்துமுடிந்த விவகாரம். கோட்டை வாசலில் நின்று குழந்தையைக் கேட்ட தாய்மார் இங்கே எத்தனை பேரோ, அவர்களுடைய பிராதை எழுதிக்கொள்ள எந்தக் கோடாங்கியும் வரவில்லை. தமிழில் ஒரு கோதிக் நாவல் எழுதப்படுமானால், அதற்கான கோட்டையைத் தேடி டிரான்சில்வேனியாவுக்குப் போகவேண்டியதில்லை. பேயிடம் கேள்வி கேட்காமல் இருக்கும் கலையைப் புதுமைப்பித்தனிடம் கற்றுக்கொண்டு, பொன்னேரியிலிருந்து பேருந்து ஏறினால் போதும்.

டச்சுக்காரர் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1630களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டு பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்நாட்டாரின் தெய்வங்களையும் சடங்குகளையும் பற்றி எழுதிய நூல், அவர் காலமானபின் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் செய்யுட்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக ஏறியது அந்த நூலில்தான். நாவலில் பேயைப் பற்றிய சாஸ்திரமெல்லாம் அறிந்த பண்டிதராக வரும் வான் ஹெல்சிங்கும் டச்சுக்காரர், ஆம்ஸ்டர்டாம் நகரத்தவர், அவர் பெயரும் ஆபிரகாம்; நாவலாசிரியர் ஸ்டோக்கரின் முழுப்பெயரும் அதுவே. இந்த மூன்று ஆபிரகாம்களில் எனக்கு மதிப்பு அதிகம் ரொஜேரியுஸிடம்தான். மற்ற இருவரும் பேயைக் கொல்வதற்காகக் கற்றவர்கள். அவரோ, தம் சமயமே மெய் என்ற உறுதியோடு இருந்தும், எதிரே உட்கார்ந்தவனைப் பேசவிட்டு எழுதிக்கொண்டார்.

‘டிராகுலா’ நூலின் மிகச்சிறந்த பகுதி எது என்று கேட்டால், டெமீட்டர் என்னும் கப்பலின் தினக்குறிப்பு என்றே சொல்வேன். கருங்கடல் துறையான வர்னாவிலிருந்து ஐம்பது மண்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பாய்மரக் கப்பலில், ஒருவர்பின் ஒருவராக மாலுமிகள் காணாமற்போக, இறுதியில் தலைவன் தன்னைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு பிணமாய் விட்பிக் கரையில் வந்து மோதுகிறான். 1885இல் டிமிட்ரி என்ற ருஷ்யக் கப்பல் அதே துறையில் கரைதட்டியதை, 1890இல் அங்கே கோடை கழிக்கப்போன ஸ்டோக்கர் கேட்டறிந்து பயன்படுத்திக்கொண்டார். இந்தக் கப்பல் கதையைப் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் சொன்னேன். இறந்தவன் நடமாடுகிறான் என்பதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. ஏரியில் இரவில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்தவர் அவர். சேற்றிலிருந்து எழும் வாயு எரிவதாகச் சொல்வார்களே என்றதற்கு, இருக்கும், ஆனால் வாயு ஏன் படகுக்குப் பின்னாலேயே வருகிறது என்று திருப்பிக் கேட்டார். டிராகுலாவுக்கு உள்ள ஒரு தடையை மட்டும் அவர் கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஓடும் நீரை அவன் தன் சக்தியால் கடக்க முடியாது. வெள்ளம் ஏறும்போதோ, ஏற்றமும் வற்றமும் இன்றி நீர் அசையாது நிற்கும்போதோதான் கடக்கலாம் என்பது அந்த நூலின் விதி.

“இன்னா சார், நம்ம பொழப்பேதான் அவனுக்கும்,” என்றார் பெரியவர். ஏத்தம் பார்த்து, வத்தம் பார்த்து, இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறையில் தமக்கு விழுந்த இடத்தில் வலை கட்டுகிறவருக்கு அந்த விதியில் மாயம் ஒன்றும் தெரியவில்லை. சிறிது யோசித்துவிட்டு, “முகத்துவாரம் மணல் ஏறி அடைச்சிக்கினா அவன் இன்னா பண்ணுவான்?” என்று கேட்டார். ஸ்டோக்கரின் நூலில் இதற்கு விடை இல்லை என்றேன். “தூர் வாரச் சொல்லி மனு கொடுக்க வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் கண்ணி கோக்கத் தொடங்கினார்.